விக்கல் எடுக்காத மீன்

கேரள எல்லையோரம், பனச்சமூடு சந்திப்பில் ஸ்மிதாவின் கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். எந்தத் திசையிலிருந்து பஸ் வந்தாலும் வாசித்துக்கொள்ளலாம். "இங்கே சரியாகாதது எதுவும் இல்லை." இருபத்திரண்டு வருடமாக அந்தப் பலகை அங்கேதான் இருக்கிறது. டிவி, மிக்ஸி, மொபைல், எமர்ஜென்சி விளக்கு என்று எது வந்தாலும் ஸ்மிதா அதைத் திருப்பி அனுப்பியதில்லை. ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அன்றைக்கு அவள் சால்டரிங் அயர்னைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் மூன்று பேர் இப்போது அவளிடம் டிவி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கொஞ்சம் சீக்கிரம் வேணும்" என்று தலையைச் சொறிகிறார்கள்.

அவள் கணவன் தீபு பாறசாலையில் பஸ் ஓட்டுகிறான். மனைவியைப் பற்றி அவன் சொல்வது இது: "செத்த கோழியக் கொண்டு குடுத்தாலும் இவ மல்டிமீட்டர் வச்சுப் பாப்பா. கரண்டு கொஞ்சம் உண்டும்பா."

அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் பொழியூரிலிருந்து லிஷா என்ற பெண் மிக்ஸியோடு வந்தாள். மாமனார் யேசுவடியான் வீட்டுப் பரணை ஒதுக்கியபோது கிடைத்தது என்று கூடவே ஒரு சாக்குப்பையையும் வைத்தாள்.

"மிக்ஸி நன்னாக்கித் தரணும் சேச்சி. சாக்குல உள்ளத வேணும்னா எடுத்துக்கிடுங்க. மாமா எண்பத்தாறுல பஹ்ரைன்ல இருந்து கொண்டு வந்ததாக்கும். கால்குலேட்டர்னு நெனச்சு வாங்கினாராம்."

சாக்கில் இருந்தது ஒரு கணினி. பள்ளிக்கூட சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு நிறம், அழிரப்பர் போன்ற பொத்தான்கள். திரை அதற்கென்று கிடையாது. அந்தக் காலத்து டிவியின் ஆன்டெனாத் துளையில் செருக வேண்டும். நிரலை ஒலிநாடாவிலிருந்து கேட்டு ஏற்றிக்கொள்ளும். நினைவகம் நாற்பத்தெட்டு கிலோபைட்.

மிக்ஸி அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது. கணினிக்கு இரண்டு வாரம் ஆனது. செத்துப்போன நினைவகச் சில்லு ஒன்றை மாற்றி, பச்சை பூத்துப்போன சில்லுக் கால்களைச் சுரண்டி, செட்டாப் பாக்ஸ் சோதிக்க வைத்திருந்த பழைய டியூப் டிவியில் மாட்டியபோது, வெள்ளைத் திரையின் அடியில் ஒருவரி எழுத்து வந்து நின்றது. ஸ்மிதா கடைக்கு வெளியே வந்து, பார்ப்பதற்கு யாராவது உண்டா என்று தேடினாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த மூன்று பேர் இருந்தார்கள். மூவரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவருக்கு பஸ்ஸும் போய்விட்டது.

வினை வந்தது எதிர்ச் சாயாக்கடையில். பிஜு அங்கே உட்கார்ந்திருந்தான். கல்யாணத்துக்கும் உற்சவத்துக்கும் எல்இடி சுவர் வாடகைக்கு விடுகிறவன். பன்னிரண்டடி அகலத்தில் புதுச் சுவர் வாங்கிய நாளிலிருந்து அவனுடைய மீசையும் அதே அகலத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

"சேச்சி, கம்ப்யூட்டருக்கு உயிர் வந்துண்ணு கேட்டேன். எத்தன மெமரி உண்டு?"

"நாப்பத்தெட்டு கே.பி."

"எனக்கு தெனமும் காலைல குட்மார்னிங்னு ஒரு ரோசாப்பூ வருமே, அந்தப் பூவே அதவிட வலுசாக்கும்." சாயாக்கடையே சிரித்தது. பிஜு விடவில்லை. "செரி, அதுல படம் ஓடுமா? எனக்க எல்இடி வால்ல ஓடுதுபோல, திரை முழுக்க, எண்ண ஊத்துனதுபோல விக்காம ஓடுமா?"

"ஓடும்" என்று சொன்னது ஸ்மிதாவின் நாக்கு. மூளை சற்றுப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் பந்தயம் முடிவாகிவிட்டது. வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அன்றைக்கு ஓடிவிட்டால் பிஜு மீசையை எடுக்க வேண்டும். ஓடாவிட்டால் ஸ்மிதா பலகையை இறக்க வேண்டும்.

நடுவராக யார்? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அகஸ்டினாவைப் பார்த்தார்கள். பொழியூர்க்காரி. ஆட்டோவில் மீன் கொண்டுவந்து பனச்சமூடு சந்தையில் விற்கிறவள். அவள் கண்ணை ஏமாற்ற முடியாது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமலேயே அது எப்போது வலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவாள். பொய்யும் வராது. தன்னுடைய கூடையில் கிடப்பது நேற்றைய மீன் என்றால் அதையும் கத்திச் சொல்லிவிட்டுத்தான் விற்பாள்.

அகஸ்டினா பாலில்லாத கட்டஞ்சாயாவைக் குடித்து முடித்துவிட்டு நிபந்தனை போட்டாள். "மீன் நீந்தணும். கடல் முழுசும் அசையணும். வெறும் மீன மட்டும் காட்டி என்ன ஏமாத்தப்பிடாது."

ஸ்மிதா அந்த வாரமே மீன் வரைய ஆரம்பித்தாள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு ஆள் வராது. கட்டம்போட்ட கணக்கு நோட்டில் புள்ளி புள்ளியாக ஒரு சாளை மீன் பிறந்தது. லேப்டாப்பில் நிரல் எழுதி, அதை ஒலியாக மாற்றி, போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைப் பழைய கணினிக்குக் கொடுத்தாள். போனில் அந்த ஒலி ஓடும்போது கீச்சென்று தொடங்கி கொர்ரென்று இரையும். முதல் நாள் சாயாக்கடைக்காரர் எழுந்து வந்து, "மோட்டர் காந்துது, நிறுத்து மக்கா" என்றார்.

முதலில் எளிய பேசிக் மொழியில் எழுதினாள். மீன் ஒரு அடி வைக்கும், நின்று மூச்சுவிடும், பிறகு அடுத்த அடி. யாத்திரையாகக் குருசுமலை ஏறுகிறவர்கள்கூட அதைவிட வேகமாகப் போவார்கள். அதனால் எந்திர மொழிக்கு மாறினாள். இணையத்தில் கிடைத்த பழைய கையேட்டைப் பிரின்ட் எடுத்து, இரண்டு வாரத்தில் முக்கால்வாசி படித்தாள். பிறகு கடலையும் மீனையும் சேர்த்து முழுத் திரைப் படங்களாக ஆறு செய்தாள். ஆறுக்கு மேல் நினைவகத்தில் இடமில்லை. அந்த ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்கு அள்ளிக் கொட்டினாள்.

அகஸ்டினாவை வரச் சொன்னாள். அவள் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இதென்ன மக்களே, மீனுக்கு விக்கலா?"

"கொஞ்சம் விக்குது அக்கா."

"கொஞ்சமா? தண்ணி குடுக்கணும் போல இருக்கு. வெள்ளத்துல கெடக்குற சாதனத்துக்கு வெள்ளம் குடுக்க முடியுமா?" பக்கத்தில் வந்து குனிந்தாள். "இன்னும் ஒண்ணு. தல பொழியூர்ல நிக்குது, வாலு விழிஞ்ஞத்துல கெடக்குது. மீன நடுவுல ஆரு வெட்டினா?"

வெட்டு உண்மைதான். படத்தை மாற்றி முடிப்பதற்குள் டிவி அதைப் பாதியிலேயே வரைந்துவிடுகிறது. மேலே புதுப்படம், கீழே பழைய படம்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம் போகுமா? ஸ்மிதா இதைப் பழுது என்றே எடுத்துக்கொண்டாள். கெப்பாசிட்டர்களை மாற்றினாள். மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார்த்தாள். கணினியின் கடிகாரத் துடிப்புக்குக் காரணமான படிகத்தைக் கழற்றிச் சோதித்தாள். மிச்சமிருந்த நினைவகச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தாள். எல்லாம் குத்துக்கல் மாதிரி இருந்தன. நான்காம் நாள் ஒரு காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப்போட்டுக் கணக்கு எழுதினாள்.

டிவி விநாடிக்கு ஐம்பது முறை திரையை மேலிருந்து கீழே வரைகிறது. கணினியின் இதயம் விநாடிக்கு முப்பத்தைந்து லட்சம் முறை துடிக்கிறது. ஆக, ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் எழுபதாயிரம் துடிப்பு. திரையின் அளவு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பைட். ஒரு பைட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைக்க இருபத்தொரு துடிப்பு. பெருக்கினால் ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்.

இருப்பது எழுபதாயிரம். வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு. பென்சிலை வைத்துவிட்டுக் கணினியைப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. பிறந்தபடி இருக்கிறது. பழுதில்லாத ஒன்றை எப்படிச் சரியாக்குவது? அன்று சாப்பாட்டில் அவளுக்கு உப்பு தெரியவில்லை.

தீபு மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டான். "எனக்க பஸ்ல அம்பது சீட்டு. நூறு பேரு வந்து நிக்கியானுவ. அதுக்கு பஸ் ரிப்பேருண்ணு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

"பின்னே? இதுக்கு மட்டும் ஸ்குரூ டிரைவரத் தூக்குற?"

"நூறு பேரையும் ஏத்தாம முடியாது சேட்டா. பந்தயம்."

"அப்போ நெருக்கி ஏத்து."

நெருக்கி ஏற்றவும் ஒரு வழி இருந்தது. பழைய நிரல்காரர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அது. கணினி இடைக்குறிப்புகளை அடுக்கி வைக்கும் இடத்தைத் திரைமேல் திருப்பிவிட்டு, இரண்டிரண்டு பைட்டாகத் தள்ளிவிடுவது. மூன்று மதியம் உட்கார்ந்து எழுதினாள். கணக்கு எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது. எழுபதாயிரத்தைவிட இரண்டரை ஆயிரம்தான் அதிகம். ஓடி வந்து, கம்பியைத் தொட்டு, கை வழுக்கி, பஸ் போய்விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. மீன் முன்பைவிட நன்றாகத்தான் நீந்தியது. ஆனால் திரையின் அடியில் ஒரு கீற்று எப்போதும் பிந்தி வந்தது. விக்கல் இருமலாகியிருந்தது. அவ்வளவுதான்.

ஆண்டுவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். அகஸ்டினா மறுபடி வந்தாள். சாளை வாங்க ஸ்மிதா சந்தைக்குப் போகாததால், இந்தமுறை அவளே கொண்டுவந்திருந்தாள். திரையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"மோசமில்ல. ஆனா ஒனக்க கடல் என்னத்துக்கு இப்பிடி ஓடுது?"

"அலையில்லியா அக்கா. வெள்ளம் இடது பக்கமா ஓடுது."

"வெள்ளம் எங்க ஓடும்? ஒனக்கு கடலக் கண்டா தெரியாதா? வெள்ளம் கெடந்த எடத்துலதான் கெடக்கும். ஏறும், எறங்கும், அவ்வளவுதான். எனக்க அப்பன் போட்ட மிதவ நாள் முழுக்க ஒரே எடத்துலதான் ஆடும். ஓடுறது நிறமாக்கும். வெயில் பட்டா வெளுக்கும், எறங்கினா கறுக்கும். அந்த நிறம் ஓடுறதக் கண்டுட்டு நீ வெள்ளம் ஓடுதுண்ணு சொல்லிய."

ஸ்மிதா கையில் மீன் பொட்டலத்தோடு அப்படியே நின்றாள்.

"எக்கா, இன்னொருக்காச் சொல்லு."

"என்னத்த?"

"ஓடுறது நிறம்."

"ஆமா நிறம். என்ன, காது கேக்கலியா? மீனக் கழுவி வை, ஈ மொய்க்குது."

அந்தக் கணினியின் திரை இரண்டு அடுக்காக இருந்தது. புள்ளிகளுக்கு ஓரிடம், நிறத்துக்கு ஓரிடம். நிறத்தைப் புள்ளி புள்ளியாக வைக்காமல், எட்டுக்கு எட்டு சதுரமாக வைத்திருந்தார்கள். சதுரத்துக்கு ஒரு பைட். மொத்தம் எழுநூற்று அறுபத்தெட்டு பைட். ஏழாயிரம் எங்கே, எழுநூறு எங்கே. புள்ளிகளைத் தொடாமல் நிறத்தை மட்டும் அள்ளிக் கொட்டினால் பதினாறாயிரம் துடிப்பில் முழுத் திரையும் மாறிவிடும். கைவசம் எழுபதாயிரம்.

மறுநாள் மதியம் கடல் அசைந்தது. நீலமும் இளநீலமும் வெள்ளையும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டு போயின. எங்கும் தடையில்லை. மீனைக் கறுப்புப் புள்ளிகளால் தனியாக வரைந்தாள். பழைய இடத்தில் அழித்துப் புதிய இடத்தில் வைப்பதற்குச் சில ஆயிரம் துடிப்பே போதும். டிவி திரையின் அடிவரை வரைந்து முடித்து மேலே திரும்பும் அந்தக் கண்ணிமைப்பில் வேலையைத் தொடங்கும்படி நிரலைக் காத்திருக்க வைத்தாள். மீன் முழுசாக, தலையும் வாலும் ஒரே ஊரில் இருக்க, திரையைக் கடந்துபோனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, நேரம் மிச்சம் கிடக்கிறதே என்று இரண்டாவது மீனையும் விட்டாள். நீர்க்குமிழியும் விட்டாள்.

அகஸ்டினா பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "கடலுக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கா?"

சதுரங்கள் குளியலறைத் தரைபோலத்தான் இருந்தன. ஸ்மிதா மூன்று நாள் செலவழித்து, அசையாத சிறு புள்ளிகளை அலைபோலத் தூவி, சதுர ஓரங்களை மறைத்தாள். கிட்ட நின்று பார்த்தால் டைல்ஸ். பத்தடி தள்ளி நின்றால் கடல்.

விழா நாள் வந்தது. வாசகசாலை முற்றத்தில் பந்தல், நூற்றைம்பது நாற்காலி, ஒரு பக்கம் பிஜுவின் பன்னிரண்டடிச் சுவர். மேடையில் ஸ்மிதாவின் டியூப் டிவியை வைத்ததும்தான் எல்லாருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. பதினான்கு அங்குலத் திரையை நாலாவது வரிசையிலிருந்து யார் பார்ப்பது? வாசகசாலைச் செயலாளர் கையைப் பிசைந்தார். பிஜு பெருந்தன்மையோடு எழுந்தான்.

"எனக்க போன் காமெராவ டிவிக்கு நேரா வைக்கேன். அது வால்ல பெருசாத் தெரியும். நான் சதிக்குறவன்னு யாரும் சொல்லப்பிடாது."

போன் வைத்தார்கள். ஸ்மிதா நிரலை ஏற்றினாள். கீச், கொர் எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு சுவரில் கடல் வந்தது. கூட்டம் ஓவென்றது. அடுத்த நொடியே அந்த ஓ இறங்கிப்போனது. கடலின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் உருண்டன. மீன் இரண்டு துள்ளு துள்ளி நின்று, மறுபடி துள்ளியது.

"விக்குது!" என்று பிஜு எழுந்து நின்று கையைத் தூக்கினான். "எல்லாரும் பாத்துக்கிடுங்க, விக்குது!"

ஸ்மிதா டிவிக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றாள். டிவியைப் பார்த்தாள். அங்கே மீன் வழுக்கிக்கொண்டு போனது. சுவரைப் பார்த்தாள். அங்கே விக்கியது. மறுபடி டிவி. ஒரு நிமிடம் கழித்துத்தான் அவளுக்குப் பிடி கிடைத்தது. டிவி விநாடிக்கு ஐம்பது படம் தருகிறது. போன் முப்பதுதான் எடுக்கிறது. மிச்சம் இருபதையும் அது வழியில் சிந்திவிட்டுப் போகிறது.

"போன்தான் விக்குது, மீன் இல்ல!" என்று மைக் இல்லாமல் கத்தினாள்.

"கடைசில எனக்க போன்ல குத்தம் சொல்லியா சேச்சி?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி மீசைக்கு, மறு பகுதி பலகைக்கு. செயலாளர் தண்ணீர் குடித்தார். அப்போது முன்வரிசையிலிருந்து அகஸ்டினா எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் புடவையில், ஒரு அவசரமும் இல்லாமல் மேடையேறினாள். டிவிக்கு முன்னால் போய் நின்று, பத்தடி பின்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்து, மீன்கள் மூன்று சுற்று போய் வருவதை முழுசாகப் பார்த்தாள். பிறகு சுவரின் பக்கம் திரும்பி அதையும் அதே பொறுமையோடு பார்த்தாள். 

செயலாளர் மைக்கை நீட்டினார்.

"பெட்டியில மீன் நீந்துது," என்றாள் அகஸ்டினா. "செவுத்துல விக்குது. செவுரு ஆருக்க?"

அவள் பிஜுவின் பக்கம் திரும்பினாள்.

"பிஜுவே, ஒனக்கத்தானே? அப்போ விக்கலும் ஒனக்க."

பந்தல் சிரித்துக் குலுங்கியது. பிஜு சிறிதுநேரம் வாதாடினான். நடுவரே யோசனை சொல்லிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டதாகவும், அது கள்ளக்களி என்றும் சொன்னான்.

"எலே, நான் கடலப் பத்திச் சொன்னேன். கடலப் பத்திப் பேச ஒனக்ககிட்ட அனுவாதம் வாங்கணுமா?"

அதோடு அவன் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு, சொன்ன வாக்கை மீறாமல், மேலுதடு பளபளக்கச் சாயாக்கடைக்கு வந்தான். அவன் மனைவி ஜிஜி பின்னாலேயே வந்து எல்லாரிடமும் சொன்னாள்: "இத கல்யாணத்துக்கு முன்னாடியே காட்டியிருந்தா நானும் ஒருக்கா யோசிச்சிருப்பேன்." பிஜுவும் சிரித்தான். ஸ்மிதா அவனுக்குச் சாயா வாங்கிக்கொடுத்தாள். போனில் விநாடிக்கு ஐம்பது படம் எடுக்கும்படி மாற்ற முடியுமா என்று அவன் கேட்டான். இரண்டு பேரும் சேர்ந்து அரைமணி நேரம் அதைத் தேடி, அந்தப் போனில் அது கிடையாது என்று கண்டுபிடித்தார்கள்.

தீபு அன்று டிரிப் முடித்து வந்ததும் பலகையை ஒருமுறை துடைத்து நேராக மாட்டினான். ஸ்மிதாவுக்குத்தான் உள்ளுக்குள் ஒரு நெருடல். "நான் எதையும் சரியாக்கலியே சேட்டா," என்றாள். "அந்தப் பெட்டி அப்பமும் அப்பிடித்தான், இப்பமும் அப்பிடித்தான். நான் ஏத்துன சுமையத்தான் கொறச்சேன்." பலகையில் அப்படியெல்லாம் எழுத இடமில்லை என்று தீபு சொல்லிவிட்டான்.

இப்போது கணினி கடையின் முன்மேசையிலேயே இருக்கிறது. மொபைல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் மீனைப் பார்க்கிறார்கள். லிஷா ஒருநாள் மாமனாரைக் கூட்டிவந்தாள். யேசுவடியான் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதில் கூட்டல் கணக்கும் போடலாமா என்று கேட்டார். ஸ்மிதா போட்டுக் காட்டினாள். அவருக்கு மிகுந்த திருப்தி.

போன வாரம் அகஸ்டினா புதிதாக ஒரு குறை கண்டுபிடித்தாள்.

"கடல்னா எரைச்சல் வேண்டாமா? ஊமக் கடலா இது?"

"அதுல ஒரு சிக்கல் உண்டு அக்கா. இதுக்குச் சத்தம் போடத் தனியா ஆளில்ல. மீன நீந்த வைக்கிற அதே மூளதான் சத்தமும் போடணும். அலை எரைஞ்சா மீன் நின்னுபோவும்."

அகஸ்டினா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே யோசித்தாள்.

"நிக்கட்டுமே. சத்தம் கேட்டா நல்ல மீனும் ஒருக்கா நின்னுதான் பாக்கும்."

அவள் சந்தைப் பக்கம் போய்விட்டாள். ஸ்மிதா காலண்டரில் இன்னொரு தாளைக் கிழித்தாள். அது அடுத்த மாதத்துத் தாள் என்பதைத் தீபு சாயங்காலம் வந்துதான் கண்டுபிடித்தான்.